பழைய கம்ப்யூட்டருக்குப் புதிய மேஸ்திரி!

ஓடுகிற எந்திரத்தைக் குப்பையில் போடலாமா?

2025-ம் ஆண்டு அக்டோபர் மாதம் 14-ந் தேதி. அன்று உலகம் பூராவும் கோடிக்கணக்கான கம்ப்யூட்டர்கள் ஒரே நாளில் "கிழடு" ஆகிவிட்டன!

முந்தின நாள் அவை நன்றாக ஓடின. மறுநாளும் ஓடின. ஒரு திருகாணி கூடக் கழன்று விழவில்லை. ஆனாலும், "உன் காலம் முடிந்தது" என்று சீட்டுக் கிழித்துவிட்டார்கள்.

கிழித்தது யார்? அமெரிக்காவில் உள்ள மைக்ரோசாப்ட் கம்பெனி. விண்டோஸ் 10 என்ற ஆபரேட்டிங் சிஸ்டத்தைச் செய்தது அந்தக் கம்பெனிதான். "இனி விண்டோஸ் 10-க்கு இலவசப் பழுதுபார்ப்பு கிடையாது. விண்டோஸ் 11-க்கு மாறுங்கள்" என்று அது அறிவித்தது.

மாறலாம். ஆனால், பழைய கம்ப்யூட்டர்களில் விண்டோஸ் 11 ஏறாது. "உங்கள் கம்ப்யூட்டருக்குத் தகுதி இல்லை" என்று திரையிலேயே எழுத்து வரும்.

மகளின் காலேஜ் படிப்புக்காகச் சீட்டுப் பணம் எடுத்து லேப்டாப் வாங்கியவர்கள் இருக்கிறார்கள். ஜெராக்ஸ் கடையில் ஒரே கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு பிழைப்பு நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "இதைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதிதாக வாங்க வேண்டுமா?"

கேனலிஸ் என்ற ஆராய்ச்சி நிறுவனம் 2023-ம் ஆண்டு டிசம்பரில் ஒரு கணக்குச் சொன்னது. இந்த மாற்றத்தால் 24 கோடி கம்ப்யூட்டர்கள் குப்பைக்குப் போகக்கூடும் என்பது அந்தக் கணக்கு.

24 கோடி! ஒரு லேப்டாப்பின் கனம் 2 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினால் 4 ஆயிரத்து 800 கிலோ மீட்டர் உயரம் போகும். நம் நாட்டின் வடகோடியில் இருந்து தென்கோடிக்கு 3 ஆயிரத்து 200 கிலோ மீட்டர்தான்!

மேஸ்திரி என்ன செய்கிறார்?

ஆபரேட்டிங் சிஸ்டம் என்பது என்ன?

வீடு கட்டும் இடத்தில் மேஸ்திரி இருப்பார். கொத்தனார் எங்கே நிற்க வேண்டும், சித்தாள் எதைத் தூக்க வேண்டும், மணல் எப்போது வர வேண்டும் என்று சொல்வது அவர் வேலை. அவர் இல்லாவிட்டால் ஆள் இருக்கும், செங்கல் இருக்கும், சுவர் எழும்பாது.

கம்ப்யூட்டருக்குள் அந்த மேஸ்திரிதான் ஆபரேட்டிங் சிஸ்டம். நீங்கள் ஒரு எழுத்தைத் தட்டினால் அது திரையில் தெரிவதும், படத்தைப் பிரிண்டருக்கு அனுப்பினால் காகிதத்தில் விழுவதும் அந்த மேஸ்திரியின் ஏற்பாடு.

மேஸ்திரி நல்லவர்தான். ஆனால், மேஸ்திரிக்கும் சாப்பாடு போட வேண்டும். உட்கார இடம் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு புதிய மேஸ்திரியும் பழையவரைவிட அதிகமாகக் கேட்கிறார். தொல்லை அங்கேதான் ஆரம்பம்.

1985-ம் ஆண்டு நவம்பரில் முதல் விண்டோஸ் வந்தது. அதற்கு 256 கிலோ பைட் நினைவகம் போதும். 1995-ல் வந்த விண்டோஸ் 95, "4 மெகா பைட் வேண்டும்" என்றது. 2001-ல் வந்த எக்ஸ்.பி. 64 மெகா பைட் கேட்டது. 2007-ல் கடைக்கு வந்த விஸ்டா 512 மெகா பைட் கேட்டது. 2021-ல் வந்த விண்டோஸ் 11 கேட்பது 4 ஜி.பி.

முதல் விண்டோசையும் கடைசி விண்டோசையும் ஒப்பிட்டுப் பாருங்கள். 36 ஆண்டுகளில் பசி 16 ஆயிரத்து 384 மடங்கு பெருகிவிட்டது! அதுவும் இது குறைந்தபட்சக் கணக்கு. வசதியாக வேலை பார்க்க 8 ஜி.பி. வேண்டும் என்பது பழகியவர்களின் அனுபவம்.

மேஜையும் கிடங்கும்

பழைய கம்ப்யூட்டரில் புது சிஸ்டம் ஏற்றினால் ஏன் ஆமை போல் நகர்கிறது?

ஒரு குமாஸ்தாவை நினைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு ஒரு மேஜை. வேலை பார்க்கும் தாள்களை மேஜை மேல் வைத்திருப்பார். மற்ற கட்டுகள் எல்லாம் பக்கத்துக் கிடங்கில் இருக்கும்.

கம்ப்யூட்டரில் "ராம்" என்று சொல்லும் நினைவகம்தான் மேஜை. ஹார்ட் டிஸ்க்தான் கிடங்கு.

மேஜை பெரிதாக இருந்தால் குமாஸ்தா உட்கார்ந்த இடத்திலேயே வேலையை முடிப்பார். மேஜை சிறிதாக இருந்தால்? ஒரு கட்டை எடுக்க வேண்டும் என்றால் இன்னொரு கட்டைக் கிடங்கில் வைத்துவிட்டு வர வேண்டும். நாள் பூராவும் நடைதான்; வேலை நடக்காது. புதிய மேஸ்திரி வந்து மேஜையில் முக்கால் பாகத்தைத் தானே பிடித்துக்கொண்டால் குமாஸ்தாவின் கதி என்ன?

கிடங்கிலும் ஒரு கஷ்டம் உண்டு. பழைய ஹார்ட் டிஸ்க்குக்குள் ஒரு தட்டு சுற்றுகிறது. நிமிஷத்துக்கு 5 ஆயிரத்து 400 சுற்று, அல்லது 7 ஆயிரத்து 200 சுற்று. கிராமபோன் ஊசி போல ஒரு முள் தட்டின் மேல் ஓடி, வேண்டிய இடத்தைத் தேடிப் பிடிக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் அதற்கு ஏறக்குறைய ஒரு வினாடியில் நூறில் ஒரு பங்கு நேரம் ஆகிறது. நமக்கு அது கண் சிமிட்டும் நேரம் கூட இல்லை. கம்ப்யூட்டருக்கோ ஒரு யுகம்!

இப்போது எஸ்.எஸ்.டி. என்று ஒரு கிடங்கு வந்திருக்கிறது. அதில் சுற்றும் தட்டு கிடையாது, முள் கிடையாது. எல்லாம் மின்சாரச் சில்லுதான். தட்டுக் கிடங்கைவிட நூறு மடங்கு சீக்கிரத்தில் தேடியதை எடுத்துக் கொடுத்துவிடும்.

ஆகவே, பத்து வயதான கம்ப்யூட்டரைப் பார்த்து "மூளை மழுங்கிவிட்டது" என்று யாராவது சொன்னால் உடனே நம்ப வேண்டாம். பெரும்பாலும் மூளை நன்றாகத்தான் இருக்கும். கிடங்கு தூரத்தில் இருக்கிறது. மேஜை சிறிதாக இருக்கிறது. அவ்வளவுதான். இரண்டையும் மாற்றுவதற்குப் புதுக் கம்ப்யூட்டர் விலையில் ஒரு சிறு பங்குதான் ஆகும்.

ஒரு எச்சரிக்கை. சில மெல்லிய லேப்டாப்களில் ராம் பலகையை உள்ளேயே பற்றவைத்திருப்பார்கள். அதைக் கூட்ட முடியாது. வாங்குவதற்கு முன் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

துணைத் தலைவரே ஏமாந்தார்!

பழைய எந்திரத்தில் புது சிஸ்டம் ஏற்றி ஏமாந்தவர்களில் மைக்ரோசாப்ட் கம்பெனியின் பெரிய அதிகாரி ஒருவரும் உண்டு. இது கோர்ட்டுக்கு வந்த கதை.

2006-ம் ஆண்டு. விஸ்டா என்ற புது விண்டோஸ் வரப்போகிறது என்று எல்லோரும் காத்திருந்தார்கள். கிறிஸ்துமஸ் வியாபாரத்துக்குள் அது வந்து சேரவில்லை. "விஸ்டா வரட்டும், பிறகு வாங்கலாம்" என்று ஜனங்கள் இருந்துவிட்டால் கடைக்காரர் கதி என்ன? ஆகவே, எக்ஸ்.பி. போட்ட கம்ப்யூட்டர்கள் மீது "விஸ்டாவுக்கு ஏற்றது" என்று லேபிள் ஒட்டினார்கள். "இப்போது வாங்குங்கள்; நாளை விஸ்டாவும் இதிலே ஓடும்" என்று அர்த்தம்.

விஸ்டாவின் பெரிய அழகு என்ன தெரியுமா? கண்ணாடி போலப் பளபளக்கும் ஜன்னல்கள். இன்டெல் கம்பெனியின் 915 என்ற சில்லு அந்தக் கண்ணாடி ஜன்னலைக் காட்டாது. அதற்குச் சக்தி இல்லை. முதலில் போட்ட நிபந்தனைப்படி அந்தச் சில்லு உள்ள கம்ப்யூட்டர்களுக்கு லேபிள் கிடைத்திருக்கக் கூடாது. பிறகு நிபந்தனையைத் தளர்த்தினார்கள். லேபிள் கிடைத்துவிட்டது!

2007-ம் ஆண்டு சியாட்டில் நகரக் கோர்ட்டில் வாடிக்கையாளர்கள் வழக்குப் போட்டார்கள். "ஏற்றது என்று சொல்லி விற்றார்கள். ஏற்றிப் பார்த்தால் விஸ்டாவின் சிறப்பு எதுவும் அதில் இல்லை" என்பது வழக்கு.

2008-ம் ஆண்டு கம்பெனிக்குள் நடந்த கடிதப் போக்குவரத்து கோர்ட்டின் மூலம் வெளியே வந்தது. எல்லோரும் அதிசயப்பட்டார்கள்!

மைக் நாஷ் என்பவர் மைக்ரோசாப்ட்டில் துணைத் தலைவர். அவரும் லேபிளை நம்பி, 915 சில்லு உள்ள லேப்டாப்பை வாங்கியிருந்தார். 2 ஆயிரத்து 100 டாலர் கொடுத்து வாங்கியது, இ-மெயில் பார்க்கத்தான் உதவுகிறது என்று அவர் சக அதிகாரிகளிடம் நொந்துகொண்டிருந்தார்.

ஜான் ஷெர்லி என்பவர் முன்பு அந்தக் கம்பெனியின் தலைவராக இருந்தவர். அப்போது இயக்குநர் குழுவில் இருந்தார். அவர் தம் வீட்டில் ஒரு கம்ப்யூட்டரை விஸ்டாவுக்கு மாற்றினார். இன்னொன்றை மாற்றவில்லை. காரணம், அதோடு இணைத்திருந்த பிரிண்டருக்கும் ஸ்கேனருக்கும் விஸ்டாவோடு பேசத் தெரியவில்லை!

ஜான் கால்க்மன் என்ற அதிகாரியின் கடிதம் இன்னும் ஒருபடி மேலே போயிற்று. இன்டெல் கம்பெனி அந்த 3 மாத லாபக் கணக்கை எட்டுவதற்கு உதவியாகவே நிபந்தனை தளர்த்தப்பட்டது என்ற பொருளில் அவர் எழுதியிருந்தார். "எங்கள் கணக்கு அவருக்கு எப்படித் தெரியும்?" என்று இன்டெல் தரப்பில் மறுத்தார்கள்.

முடிவு என்ன ஆயிற்று? எல்லா வாடிக்கையாளர்களுக்கும் சேர்த்து ஒரே வழக்காக நடத்த 2008-ல் நீதிபதி அனுமதி கொடுத்தார். 2009-ம் ஆண்டு பிப்ரவரியில் அந்த அனுமதியை வாபஸ் வாங்கிவிட்டார். லேபிளை நம்பி வாங்கியவர்கள் தனித்தனியே போராட வேண்டியதாயிற்று. கோர்ட் ஏறும் அளவுக்குத் தனி ஆளுக்குத் தெம்பு ஏது?

"கடைசி விண்டோஸ்"

2015-ம் ஆண்டு ஜூலை 29-ந் தேதி விண்டோஸ் 10 வந்தது. அதற்கு முன்னதாக மே மாதம் சிகாகோவில் ஒரு மாநாடு நடந்தது. அதில் ஜெர்ரி நிக்சன் என்ற மைக்ரோசாப்ட் ஊழியர், "விண்டோஸ் 10-தான் கடைசி விண்டோஸ்" என்று பேசினார்.

ஆறு வருஷம் சென்றது. 2021-ம் ஆண்டு அக்டோபர் 5-ந் தேதி விண்டோஸ் 11 வந்தது!

இந்தத் தடவை பசி மட்டும் அல்ல. வாசலில் பூட்டும் போட்டார்கள். அந்தப் பூட்டுக்கு டி.பி.எம். என்று பெயர். இது கம்ப்யூட்டருக்குள் இருக்கும் ஒரு சிறு சில்லு. பாங்கியில் லாக்கர் இருப்பது போல, இரகசியச் சாவிகளை இது பத்திரமாக வைத்திருக்கும். இதில் 2.0 என்ற ரகம் கட்டாயம் வேண்டும் என்றார்கள். கம்ப்யூட்டர் தொடங்கும்போதே திருட்டுப் புரோகிராம் புகாமல் தடுக்கும் "செக்யூர் பூட்" என்ற காவலும் வேண்டும் என்றார்கள். இன்டெல் மூளை என்றால் 8-வது தலைமுறை, அதாவது 2017-க்குப் பிந்தியதாக இருக்க வேண்டும் என்றார்கள்.

காரணம் இல்லாமல் இல்லை. திருடர்கள் பெருகிவிட்டார்கள், பூட்டு நல்லதுதான். ஆனால், பூட்டு இல்லாத வீட்டில் குடியிருக்கக் கூடாது என்று சொன்னால், வீடு கட்டியவன் என்ன செய்வான்?

இதிலே ஒரு வேடிக்கை. சர்பேஸ் ஸ்டூடியோ 2 என்ற கம்ப்யூட்டரை மைக்ரோசாப்ட்டே செய்து விற்றது. ஆரம்ப விலை 3 ஆயிரத்து 499 டாலர். அதில் இருந்தது 7-வது தலைமுறை மூளை! கம்பெனி போட்ட சட்டப்படி கம்பெனியின் சரக்கே தகுதி இழந்தது. 2021-ம் ஆண்டு ஆகஸ்டில், அந்தக் கம்ப்யூட்டரில் உள்ள மூளையையும் பட்டியலில் சேர்த்துக்கொண்டார்கள். மற்ற 7-வது தலைமுறைக்காரர்கள் பெரும்பாலும் வாசலுக்கு வெளியேதான் நின்றார்கள்.

பூட்டு இல்லை என்று திரையில் வந்தாலும் ஒரு தடவை சோதித்துப் பாருங்கள். பல கம்ப்யூட்டர்களில் டி.பி.எம். உள்ளே இருக்கும், திறந்துவிடாமல் வைத்திருப்பார்கள். கம்ப்யூட்டர் தொடங்கும்போது வரும் பயாஸ் பக்கத்தில் அதை "ஆன்" செய்தால் போதும். விஷயம் தெரிந்த மெக்கானிக்குக்கு இது 5 நிமிஷ வேலை.

கள்ளச் சாவி போட்டு ஏற்றுகிறவர்களும் உண்டு. சோதனையைத் தாண்டிப் போகும் ஒரு வழியை மைக்ரோசாப்ட்டே 2021-ல் தன் உதவிப் பக்கத்தில் எழுதியிருந்தது; பின்னால் அதை எடுத்துவிட்டது. ரூபஸ் என்ற இலவசப் புரோகிராம் அந்தச் சோதனைகளை நீக்கிய பென் டிரைவைத் தயார் செய்து கொடுக்கும். ஏற்றினால் பெரும்பாலும் ஓடுகிறது. ஆனால், "தகுதி இல்லாத எந்திரத்துக்குப் பழுதுபார்ப்பு கிடைக்கும் என்று உத்தரவாதம் இல்லை" என்று கம்பெனி கை கழுவிவிடுகிறது. ஒவ்வொரு பெரிய மாற்றத்தையும் கையாலேயே ஏற்ற வேண்டியிருக்கும். 2024-ல் வந்த மாற்றத்துக்குப் பிறகு, 2006, 2007-ம் ஆண்டுக் காலத்து மூளைகளில் விண்டோஸ் 11 எழுந்திருக்கவே மறுக்கிறது. பிழைப்பு நடக்கும் கம்ப்யூட்டரில் இந்த விளையாட்டு வேண்டாம்.

ஆஸ்பத்திரியில் புகுந்த திருடன்

"பழுதுபார்ப்பு இல்லாவிட்டால் என்ன? எந்திரம் ஓடுகிறதே! அப்படியே விட்டுவிடலாமே!" என்று கேட்கலாம்.

2017-ம் ஆண்டு மே மாதம் 12-ந் தேதி என்ன நடந்தது என்று கேளுங்கள்.

அன்று இங்கிலாந்தில் ஆஸ்பத்திரிகளின் கம்ப்யூட்டர்கள் வரிசையாக நின்றன. திரையில் சிவப்பு எழுத்து. "உங்கள் ஏடுகளைப் பூட்டிவிட்டோம். 300 டாலர் கொடுத்தால் திறப்போம்" என்ற மிரட்டல்!

அதன் பெயர் வான்னாகிரை. 150 நாடுகளுக்கு அது பரவியது. 2 லட்சத்துக்கும் அதிகமான கம்ப்யூட்டர்கள் சிக்கின. இங்கிலாந்தில் நோயாளிகளுக்குக் குறித்துக் கொடுத்த நேரங்கள் 19 ஆயிரத்துக்கு மேல் ரத்தாகியிருக்கும் என்று மதிப்பிட்டார்கள். ஆபரேஷனுக்கு வந்தவர்களைத் திருப்பி அனுப்பினார்கள்.

இத்தனைக்கும் அந்த ஓட்டையை அடைக்கும் மருந்து 2 மாதங்களுக்கு முன்பே, மார்ச் 14-ந் தேதியே வந்துவிட்டது! சிக்கியவற்றில் பெரும்பாலானவை மருந்து கிடைத்தும் போட்டுக்கொள்ளாத விண்டோஸ் 7 கம்ப்யூட்டர்கள். எக்ஸ்.பி.க்கு 2014-லேயே பழுதுபார்ப்பு நின்றுவிட்டதால் மார்ச்சில் பொதுவாக மருந்தே வரவில்லை. தாக்குதல் நடந்த பிறகு, விதியைத் தளர்த்தி அதற்கும் கொடுத்தார்கள்.

திருடனை நிறுத்தியது யார்? மார்கஸ் ஹட்சின்ஸ் என்ற 22 வயது ஆங்கிலேய இளைஞர். அந்த நச்சுப் புரோகிராம் ஒரு இன்டர்நெட் விலாசத்தைத் தேடுவதை அவர் கவனித்தார். அந்த விலாசம் யார் பெயரிலும் இல்லை. சுமார் 11 டாலர் கட்டி அவர் அதைப் பதிவு செய்தார். உடனே பரவல் அடங்கிவிட்டது!

ஆகவே, கதவு திறந்த வீட்டில் நகையை வைக்காதீர்கள். பழுதுபார்ப்பு நின்றுபோன கம்ப்யூட்டரில் பாங்கிக் கணக்கைத் திறக்கக் கூடாது. இன்டர்நெட்டில் சேராமல், கணக்கு எழுதவும் கடிதம் தட்டவும் மட்டும் வைத்துக்கொண்டால் பயம் குறைவு.

விண்டோஸ் 10-ஐ விட முடியாதவர்களுக்கு மைக்ரோசாப்ட் ஒரு வருஷத் தவணை கொடுத்தது. 2026-ம் ஆண்டு அக்டோபர் 13 வரை அவசர மருந்து மட்டும் உண்டு. அமெரிக்காவில் இதற்கு 30 டாலர் கட்டணம். கம்ப்யூட்டரின் அமைப்புகளை மைக்ரோசாப்ட் கணக்கோடு இணைத்து வைப்பவர்களுக்கு இலவசம்.

மாணவன் கட்டிய மாளிகை

வேறு வழியே இல்லையா? இருக்கிறது. அதன் பெயர் லினக்ஸ்.

1991-ம் ஆண்டு. பின்லாந்து நாட்டில் ஹெல்சிங்கி நகரம். அங்கே லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற 21 வயது மாணவர் 386 மூளை உள்ள ஒரு கம்ப்யூட்டரைத் தவணை முறையில் வாங்கினார். அதற்காக ஒரு ஆபரேட்டிங் சிஸ்டத்தைத் தானே எழுதத் தொடங்கினார். ஆகஸ்ட் 25-ந் தேதி, "இது பொழுதுபோக்குக்காகச் செய்வது, பெரிதாக ஒன்றும் வராது" என்ற மாதிரி அதை வெளியே சொன்னார். இன்று ஆண்ட்ராய்டு போன்களுக்கெல்லாம் அடியில் இருப்பது அந்த லினக்ஸ்தான்!

386 மூளையை லினக்ஸ் எப்போது கைவிட்டது தெரியுமா? 2012-ம் ஆண்டு டிசம்பரில். பிறந்து 21 ஆண்டு கழித்து. லினக்சும் பழையதை என்றைக்காவது கைவிடத்தான் செய்கிறது. ஆனால், அவசரப்பட்டுத் துரத்துவது இல்லை.

லினக்சில் பல ரகம் உண்டு. லினக்ஸ் மின்ட் என்ற ரகம் விண்டோஸ் பழகிய கைக்கு எளிது. 2 ஜி.பி. ராம், 20 ஜி.பி. இடம் இருந்தால் ஓடும், 4 ஜி.பி. ராம் இருந்தால் சௌகரியம். பப்பி லினக்ஸ் என்று இன்னொன்று. மிகவும் நலிந்த எந்திரத்தையும் அது எழுப்பி உட்கார வைக்கும். எதற்கும் காசு கிடையாது. டி.பி.எம். பூட்டும் கேட்பது இல்லை.

தமிழ்நாட்டுக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு. 2011-ம் ஆண்டு செப்டம்பர் 15-ந் தேதி மாணவர்களுக்கு விலையில்லா லேப்டாப் கொடுக்கும் திட்டம் தொடங்கியது. முதலில் கொடுத்த லேப்டாப்களில் இரண்டு மேஸ்திரிகள் இருந்தார்கள். ஒருவர் விண்டோஸ், மற்றவர் பாஸ் லினக்ஸ். பாஸ் லினக்ஸ், மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கியது. சென்னையில் வளர்ந்தது. கம்ப்யூட்டர் தொடங்கும்போது எது வேண்டும் என்று கேட்கும். எத்தனை பிள்ளைகள் அந்த இரண்டாவது பெயரை அழுத்திப் பார்த்தார்கள்? பாவம், அழுத்திப் பார்க்கச் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டுமே!

அழிக்காமல் பார்க்கலாம்

லினக்சில் ஒரு நல்ல வசதி. ஏற்றாமலே ஓட்டிப் பார்க்கலாம்.

ஒரு 8 ஜி.பி. பென் டிரைவில் லினக்ஸ் மின்ட்டைப் பதிந்துகொள்ள வேண்டும். பென் டிரைவைச் செருகி, கம்ப்யூட்டரைத் தொடங்க வேண்டும். தொடங்கியவுடன் எப்12 அல்லது எஸ்கேப் பொத்தானைத் தட்டினால், எதில் இருந்து தொடங்கலாம் என்று பட்டியல் வரும். கம்பெனிக்குக் கம்பெனி பொத்தான் மாறும். பென் டிரைவைத் தேர்ந்தெடுத்தால் லினக்ஸ் திரைக்கு வந்துவிடும். ஹார்ட் டிஸ்க்கில் உள்ள விண்டோஸ் அப்படியே இருக்கும்.

ஒரு வாரம் இப்படிப் பாருங்கள். வை-பை கிடைக்கிறதா? பிரிண்டர் அச்சடிக்கிறதா? சத்தம் வருகிறதா? தமிழ் தட்ட முடிகிறதா? தமிழ் 99 விசைப்பலகை லினக்சிலும் உண்டு. கடிதம் எழுதவும் கணக்குப் போடவும் லிப்ரே ஆபீஸ் உண்டு. பையன் படிப்புக்கும், படம் பார்க்கவும், இ-மெயிலுக்கும் வேறு என்ன வேண்டும்?

எல்லாம் சர்க்கரையாக இனிக்காது. டாலி கணக்கு எழுதும் கடைக்காரருக்கு லினக்ஸ் ஒத்துவராது. போட்டோஷாப், பேஜ்மேக்கர் வைத்துக் கல்யாணப் பத்திரிகை செய்யும் அச்சகத்துக்கும் ஒத்துவராது. அவை விண்டோசுக்காகச் செய்தவை. டிஜிட்டல் கையெழுத்துக்காகச் செருகும் சாவியும் சில சமயம் தகராறு செய்யும். இப்படிப்பட்டவர்கள் புது எந்திரம் வாங்குவதுதான் புத்திசாலித்தனம். பழையதை வீட்டில் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடலாம்.

எவ்வளவு பழசுக்கு எல்லை? 64-பிட் மூளையா, 32-பிட் மூளையா என்று கேளுங்கள். 32-பிட் என்றால் ஆசையை விட்டுவிட வேண்டியதுதான். லினக்சில் 32-பிட்டுக்குக் கூகுள் குரோம் 2016-லேயே விடை கொடுத்துவிட்டது. பயர்பாக்சும் 2025-ல் விடை கொடுத்துவிட்டது. மேஸ்திரி வருவார், வேலையாள் வரமாட்டார்!

எதை ஏற்றுவதற்கு முன்னாலும் ஒரு காரியம் தவறாமல் செய்ய வேண்டும். கல்யாணப் போட்டோ, சர்டிபிகேட் நகல், பிள்ளையின் பிராஜெக்ட் எல்லாவற்றையும் வேறு ஒரு ஹார்ட் டிஸ்க்கில் பிரதி எடுத்துவிடுங்கள். எடுத்த பிரதி திறக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். "இன்ஸ்டால்" பொத்தானை அழுத்தி, முழுவதையும் அழிக்கச் சம்மதம் கொடுத்துவிட்டால் பிறகு அழுது பிரயோஜனம் இல்லை.

இனி ஒன்றுமே செய்வதற்கு இல்லை என்று ஆன எந்திரத்தை என்ன செய்வது? பழைய இரும்புக்காரர் தராசில் போட வேண்டாம். உள்ளே ஈயம் இருக்கும். பழைய திரைகளில் பாதரசமும் உண்டு. மின்னணுக் குப்பைக்கென்று 2022-ல் மத்திய அரசு விதிகள் செய்தது. 2023-ம் ஆண்டு ஏப்ரல் 1-ந் தேதி முதல் அவை அமலில் உள்ளன. பதிவு பெற்ற மறுசுழற்சிக்காரர்களிடம்தான் கொடுக்க வேண்டும். கொடுப்பதற்கு முன் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டு இரகசியம் எல்லாம் அதில்தான் இருக்கிறது. ராம் பலகையையும் கழற்றி வைக்கலாம். அதே ரகத்து லேப்டாப் வைத்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கு அது உதவும். டி.டி.ஆர்.3 ரகம் டி.டி.ஆர்.4 பள்ளத்தில் உட்காராது. அதை மட்டும் பார்த்துக் கொடுங்கள்.